பகுதி அ

அல்சூர் மார்க்கெட்டுக்குப் பின்தெருவில் என் மாவு மில்.
கல்லாவுக்கு மேலே பலகையில் கேமராப் பெட்டி.
அதன் முதுகில் விரலால் பெயர் எழுதலாம்,
அவ்வளவு கேழ்வரகு மாவு.

மேயோ ஹால் படியில்
வக்கீல் சுமங்களா ஹெக்டே தாளை நீட்டினார்.
பெட்டி கூண்டேறாது, அண்ணா.
அதற்காக நீங்கள்தான் சொல்ல வேண்டும்.
புதுச் சட்டம், பிரிவு அறுபத்து மூன்று.

ஏகாம்பரம் மகன் தணிகைவேல் ஆகிய நான்
உறுதி கூறுவது யாதெனில்
கருவி என் பொறுப்பில் இருந்தது.
இருந்தது.
அன்றாடம் பயன்பட்டது.
மிளகாய் மூட்டை குறைகிறதே என்று மாட்டினேன்,
யாரும் சிக்கவில்லை.
குறித்த காலத்தில் முறையாக இயங்கியது.

முறையாக என்றால்?
அதன் கடிகாரம் பதினோரு நிமிடம் பின்னால் ஓடும்,
கரண்ட் போய் வந்த ஏதோ ஒரு நாளிலிருந்து.
அதையும் எழுதுங்கள் என்றார்.
சொல்லிவிட்ட பிழையை யாரும் பிடிக்க முடியாது.

பகுதி ஆ முதஸ்ஸிருடையது. சின்ன வயது நிபுணர்.
படத்தை ஏதோ எந்திரத்தில் ஊட்டி
அறுபத்து நான்கு எழுத்தும் எண்ணுமாய் ஒரு வரி எடுத்தார்.
இதுதான் இதன் கைரேகை, சார்.

டீ வாங்கித் தந்து மெல்லக் கேட்டேன்:
நடுவில் நாலு நிமிடம் ஒன்றும் நடக்கவில்லையே,
அதை மட்டும்...
ஒரு நொடி எடுத்தாலும் வரி முழுக்க மாறிவிடும், சார்.
சிரித்துக்கொண்டே டீ குடித்தார்.

வெள்ளைக் கார் வருகிறது, போகிறது.
ஸ்கூட்டர் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது.
சாப்பாட்டுப் பை தனியாய், அவன் தனியாய்.
ஷட்டரின் அடியிலிருந்து மஞ்சளாய் ஒரு கோடு
தார் மேல் நீண்டு
அவன் கையைத் தொடுகிறது.
ஓட்டல் ஆர்டருக்கு மல்லி அரைத்துக்கொண்டிருந்தேன்.

பிறகு அந்தக் கோடு இல்லை.

எட்டு முறை போட்டார்கள் கோர்ட்டில்.
கார் எண்ணைப் பெரிதாக்கினார்கள்,
எதிர்த்தரப்பு பதினோரு நிமிடத்தைப் பிடித்துத் தொங்கியது.
விளக்கு எப்போது அணைந்தது என்று
ஒருவர், ஒரே ஒருவர்
கேட்பார் என்று உட்கார்ந்திருந்தேன்.

வராந்தாவில் ஹிரண்யா போரோ
ஊன்றுகோலைச் சுவரில் சாய்த்துவிட்டு
இரண்டு கையாலும் கும்பிட்டான்.
கேமரா இல்லாவிட்டால் நான் என்ன, அண்ணா, என்றான்
அரைக் கன்னடத்தில்.

கையெழுத்து அதற்கு முன்பே போட்டாயிற்று.
பெயர், இடம், தேதி.
நேரம் என்ற கட்டத்தில் மட்டும் பேனா நின்றது.
சுவரைப் பார்த்து
சரியான நேரத்தை எழுதினேன்.