வினா எண் 214

அட்டையில் எழுதியவன் நான்.
'கட்டண உயர்வைக் கைவிடு.'
'டு'வின் வால் சைதாப்பேட்டை வரைக்கும் போகுதுடா
என்று சிரித்தான் தணிகைவேல்.

சேப்பாக்கத்திலிருந்து கோட்டைக்கு,
எம்.ஏ. பொருளியல் வகுப்பு மொத்தமும்.
நேப்பியர் பாலத்தில் லத்திகள் நின்றன.
அமலோற்பவம் அறுந்த செருப்பைக் கையிலெடுத்துக்கொண்டு
நடுரோட்டில் உட்கார்ந்தாள்.
கூவம் அன்றைக்கு ரொம்பவே நாறியது.

எனக்கு ஞாயிற்றுக்கிழமை தேர்வாணையத் தேர்வு.
ஸ்டேஷனில் பேர் ஏறினால் வேலை போச்சு என்று
யாரோ சொன்னார்கள்.
யாரும் சொல்லவில்லை, நானேதான்.
தடம் எண் பார்க்காமல் பஸ் ஏறினேன்.

அவர்களைக் கல்யாண மண்டபத்தில் அடைத்து
எலுமிச்சை சாதம் போட்டார்களாம்.
உப்பில்லை என்று அதற்கும் ஒரு கோஷமாம்.

இருபத்தாறு வருஷம்.
பாலத்துக்கு இந்தப் பக்கம்
ஆறாம் மாடியில் பிரிவு அலுவலர் நாற்காலி எனக்கு,
முதுகில் ஒரு துண்டோடு.
அவன் மந்திரி. அவள் எதிர்வரிசை.

கோப்பு வந்தது. கேள்வி அவளுடையது:
பல்கலைக்கழகக் கட்டணத்தைக் குறைக்க அரசு முன்வருமா?

பதிலை நான் எழுதவேண்டும், அவன் வாசிக்கவேண்டும்.
மின்வெட்டு. கையாலேயே எழுதினேன்:
'நிதிநிலையைக் கருத்தில்கொண்டு பரிசீலிக்கப்படும்.'

ஐந்து மேசை ஏறி
சாயங்காலம் இறங்கி வந்தது.
பச்சை மையில் கையெழுத்து.
'கொண்டு'வில்
'டு'வின் வாலை மட்டும் வெட்டியிருந்தான்.
வேறு திருத்தம் இல்லை.