ஆறாம் பாகத்தில் ஒன்றும் நடப்பதில்லை

ஆயிரத்து நூற்று நாற்பது பக்கம்.
எட்டு எபிசோடு, ஒவ்வொன்றும் ஐம்பது நிமிடம்,
நடுவே ஷாம்புக்கும் காருக்கும் இடம் விட்டு.
ரீயூனியனில், எரிமலைக்கு ஏறும் வழியில்,
பூர்-முராவின் விடுதி அறையொன்றில்
சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன்.
வசனம் பிரெஞ்சில்.
ஓரக் குறிப்பும் வசவும் காரைக்கால் தமிழில்,
தயாரிப்பாளருக்குப் புரிந்துவிடக் கூடாதே.

முதல் வாரம் ஒரு நிலவைக் கொன்றேன்.
நாவலில் அந்தக் கோளுக்கு இரண்டு.
இரண்டு நிலவென்றால் ஆளுக்கு இரண்டு நிழல்,
நிழலுக்கு இவ்வளவென்று
கிராஃபிக்ஸ்காரர் கூலி கேட்கிறார்.
பிறகு மூன்று அரசிகளை ஒருத்தியாக்கினேன்;
மூவரின் கோபமும் அவளுக்கு உண்டு,
சம்பளம் ஒருத்திக்குத்தான்.
ஒன்பது தலைமுறை நான்காயிற்று.
குறுக்கே வந்த ஒரு மதத்தைப்
பதக்கமாகச் சுருக்கிக்
கதாநாயகன் கழுத்தில் போட்டேன்.

ஆறாம் பாகம் மட்டும் பிடி கொடுக்கவில்லை.
நாற்பது ஆண்டுகள் கப்பல் போகிறது, அவ்வளவுதான்.
சண்டையில்லை, கலகமில்லை.
யாரோ குழாயைச் செப்பனிடுகிறார்கள்.
யாரோ தண்ணீர் அளக்கிறார்கள்.
இப்படியே நூற்றிருபது பக்கம்.
"'நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு' என்று
திரையில் எழுத்துப் போட்டால் ஆயிற்று" என்றார் இயக்குநர்.
ஆயிற்று என்றேன் நானும்.
ஒரே கோடு. மைகூட அதிகம் செலவாகவில்லை.

மணல் சமவெளி
துருப்பிடித்த தோசைக்கல்போல் விரிந்து கிடந்தது.
புல் முளைத்த இடங்களைச் சாம்பல் துணியால் மூடினால்
வேற்றுக்கோள் தயார்.
சேன்-லூயியிலிருந்து இரண்டு பேருந்தில்
துணை நடிகர்கள் அறுபது பேர்.
அவர்களில் ஒருவர் என்னைத் தேடி வந்தார்.
ழில்பேர் வயபூரி.
(உள்ளே எங்கோ ஒரு வையாபுரி இருக்கிறார்.)
கோல் சர்க்கரை ஆலையில் எடைமேடைக்காரர்.
ஆலை ஓட இன்னும் ஆறு வாரம்,
அதுவரை விண்வெளி வீரர்.
தலைக்கவசத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கேட்டார்:
"அறுநூற்றுப் பதினொன்றாம் பக்கத்துத் தண்ணீர்க் கணக்கர்
எந்த எபிசோடில் வருகிறார், மதாம்?"
வரவில்லை என்றேன்.
"நாற்பது வருடம் அளந்தவர். ஒரு லிட்டர் தவறவில்லை,"
பங்காளி ஒருவரைப் பற்றிச் சொல்வதுபோல் சொன்னார்.
"ஜனங்கள் சேனலை மாற்றிவிடுவார்கள்."
"இருக்கலாம். நான் மாற்றமாட்டேன்.
லாரிக்கும் லாரிக்கும் நடுவில்
அந்தப் பாகத்தைத்தான் படித்தேன். இரண்டு தரம்."

பத்தரைக்கு மேகம் ஏறி வந்தது.
முதலில் மலை போனது, பிறகு பாதை,
பிறகு கழிப்பறை வண்டி.
படப்பிடிப்பு நிறுத்தம்.
கேமராவை நிறுத்த மட்டும் யாருக்கும் தோன்றவில்லை.
வெள்ளை உடுப்பில் அறுபது பேரும்
அங்கங்கே பாறைகளில் உட்கார்ந்தார்கள்.
டப்பாவில் சோறு வந்தது.
ருகாயில் காரம் போதாது என்றார் ஒருவர்.
குனிய முடியாத ஒருத்திக்கு
இன்னொருத்தி காலணி நாடா கட்டிவிட்டாள்.
வயபூரி வாளியிலிருந்து மொண்டு மொண்டு
வரிசையாகத் தந்துகொண்டே போனார்,
யாரும் சொல்லாமல்.
ஒரு சொட்டும் சிந்தாமல் என்று எழுத ஆசைதான்.
சிந்தினார், இரண்டு முறை.

இரவு அறையில் அதை ஓடவிட்டேன்.
அட்டை நிரம்பும்வரை ஐம்பத்திரண்டு நிமிடம்.
ஒன்றும் நடக்கவில்லை.
ரிமோட் பக்கத்திலேயே கிடந்தது.
தேநீர் ஆறிப் பாடை கட்டியிருந்ததைப்
படம் முடிந்த பிறகுதான் பார்த்தேன்.

மறுநாள் இயக்குநரிடம் மூன்று நிமிடம் கேட்டேன்.
சிரித்தார்.
ஒன்றரை என்றேன். நாற்பது விநாடி என்றேன்.
மீன் சந்தையில்கூட இப்படி இறங்கியதில்லை நான்.
பதினொன்று தந்தார்,
அதன் மேலேயே எழுத்து வரும் என்ற நிபந்தனையோடு:
நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு.

ஒளிபரப்பாகி ஒரு மாதம் கழித்து
வயபூரியிடமிருந்து செய்தி வந்தது.
'ஆண்டுகளுக்கு' என்ற சொல்லின் பின்னால்
என் முழங்கை தெரிகிறது, மதாம்.
எடைமேடையில் எல்லோருக்கும் நிறுத்தி நிறுத்திக் காட்டினேன்.
ஒரே ஒரு சந்தேகம்:
இரண்டாவது நிலவு எங்கே?