வெளியீடு: கீழ்த்தளம்

நரி பாலத்தைக் கடக்க வேண்டும்.
இருபத்திரண்டு நொடி.
பொம்மை அரங்கிலிருந்து ஒத்தார் கேட்டது அவ்வளவுதான்.
"சோகம் வேண்டாம், நுட்சா. அது நரி."

இரவு ஒன்றரை. குத்தாயிசியில்
பனி மழையாக மாறிக்கொண்டிருந்தது.
எட்டு சுரம் வாசித்தேன்.
திரையில் பச்சைக் கோடு துள்ளியது,
மஞ்சளைத் தொட்டுவிட்டுக் கீழே விழுந்தது.
காதில் ஒன்றுமில்லை.

செவிடன் காதில் ஊதிய சங்கு என்பார்கள்.
இங்கே ஊதியதும் நான்,
செவிடும் நான்.

ஹெட்போன் முனையை உருவி,
சட்டையில் துடைத்து, மறுபடி செருகினேன்.
ஒலியளவை முழுக்க ஏற்றினேன்.
குற்றம் கருவியுடையது என்று தீர்ப்பெழுதி
பியானோவைத் தூக்கிவிட்டு ஓபோவை வைத்தேன்.
ஓபோவும் ஊமை.
சரி, டூபா.
சரி, தேவாலய ஆர்கன், எல்லாக் குழாயும் திறந்து.
பட்டியலின் அடிவரைக்கும் இறங்கினேன்,
யாருக்கும் வேலையில்லாத அந்தக் கடைசி வரிசைக்கு:
கைதட்டல், ஹெலிகாப்டர், தொலைபேசி மணி,
கடல் அலை.
நரியை எட்டு அலையில் நடக்கவிட்டேன்.
நனைந்த சத்தம்கூட இல்லை.

பிறகு கோபம் எங்கோ போய்விட்டது.
கேட்காத இசையில் பிழை ஏது?
ஐந்தாம் சுரம் அரைப்படி இறங்கியது,
நான் இறக்கவில்லை, விரல் இறக்கியது.
திரும்ப டூபா. திரும்ப ஆர்கன்.
மூன்றரைக்கு மேல்
கட்டைகளின் மீதே கன்னம் வைத்துத் தூங்கிப்போனேன்.

காலையில் ரொட்டி வாங்கப் போனால்
மல்காஸ் அடுப்புக்குள் பாதி உடலோடு குனிந்திருக்கிறார்.
நிமிராமலே கேட்கிறார்:
"முடிந்ததா?"
எது?
"பியானோ பரவாயில்லை.
அடுத்தது மூக்கால் பேசியது.
ஹெலிகாப்டருக்குப் பையன் தெருவுக்கு ஓடினான்.
தொலைபேசிக்கு நான் ஓடினேன், மாவுக் கையோடு,
இரண்டு தடவை.
கடைசியில் ஒரு முனகல், பத்து நிமிடம்,
அதை மட்டும் எடுத்துவிடு."

உப்பு மூட்டைக்கும் கல்லாப்பெட்டிக்கும் நடுவில்
என் ஸ்பீக்கர்.
ஞாயிற்றுக்கிழமைக் கால்பந்துக்காக இரவல் கொடுத்தது.
நேற்று ஒரு மணிக்கு ரேடியோவுக்காக முடுக்கியிருக்கிறார்.
அதுவோ தரை துளைத்து மேலே வந்து
பழைய எஜமானியைப் பிடித்துக்கொண்டது.
நீல விளக்கில் மாவு படிந்திருந்தது.

வெட்கத்தில் சில்லறையைத் தப்பாக எண்ணினேன்.
அவர் மாவை அடுப்புச் சுவரில் அறைந்தபடி
சீட்டியடித்தார்.
எட்டு சுரம்.
ஐந்தாவது இறங்கித்தான் இருந்தது.
அறைக்கும் அறைக்கும் இடையில்
ஒரு நான்கு கால் பிராணி
பின்னால் பார்த்துப் பார்த்துப் பாலம் கடந்தது.

மாடி ஏறி, 'வெளியீடு' என்ற வரியைத் திறந்தேன்.
இரண்டே பெயர்.
ஹெட்போனைத் தேர்ந்தேன். முதன்முறையாகக் கேட்டேன்:
பியானோ. சுத்தம். ஒரு தவறும் இல்லை.
நரி கோப்பை இடுக்கிக்கொண்டு
அலுவலகம் போய்க்கொண்டிருந்தது.

ஒத்தாருக்கு அனுப்பியது டூபா.
"இது சோகமா, இல்லையா?" என்று எழுதியிருக்கிறார்.
இன்னும் பதில் போடவில்லை.

மல்காஸ் அன்று ரொட்டிக்குக் காசு வாங்கவில்லை.
ஸ்பீக்கரையும் திருப்பித் தரவில்லை.