சரக்கு இறங்கும்வரை

துறைமுக வரிசையில் நாற்பத்துமூன்றாவது லாரி.
நாலு மணி நேரமாகும், போய்ப் பார்த்துட்டு வா
என்றான் எலியோதோரோ, டயருக்குக் கல் வைத்தபடி.

அரிக்கா. மீன்மாவு ஆலையின் பின்புறம்
சாம்பல் மணல், ஒற்றை ரப்பர் செருப்பு,
குப்பைத்தொட்டி மேல் ஒரு பெலிக்கன்.

பாசிலியா பாவாடையைத் தூக்கிச் செருகி
கணுக்கால்வரை நின்றாள்.
விரலை நனைத்து நக்கினாள்.
உப்பு. அதொன்றும் புதிதில்லை,
மலைக்கு மேலே கொல்சானியில் அவள்
நாள்கூலிக்குப் பொட்டலம் கட்டுவதே அதைத்தான்.

திரும்பி வந்து லாரிக் கதவை அறைந்து சாத்தினாள்.
பதினோரு வருஷமா வாராவாரம் வர்றே.
பெரிசு, நீலம், அவ்வளவுதான்னு சொன்னே.
நீலமும் இல்ல.
சத்தம் போடும்னு
ஏன்யா சொல்லவேயில்ல?

அவன் கண்ணாடியை இறக்கினான்.
வரிசை நகர்ந்தது. பின்னாலிருந்து ஹாரன் அடித்தார்கள்.
எஞ்சினைப் போடவில்லை.