எத்தன மூடு

விளை என்று முடியும் ஊருக்கு ஏறித்தான் போக வேண்டும்.
குளம் என்று முடிந்தால் இறக்கம்.
இதை யாரும் சொல்லித் தரவில்லை,
தொடை சொன்னது,
நாற்பத்திரண்டு வயதில்
மார்த்தாண்டத்தில் தள்ளுபடிக்கு வாங்கிய ஷூவோடு
மணலிக்கரையிலிருந்து ஓடத் தொடங்கிய முதல் வாரத்தில்.

கோடு என்றால் சந்தேகம்,
உச்சியாகவும் இருக்கும், உச்சியை ஏமாற்றும் வளைவாகவும்.
மூடு என்றால் ஏதோ ஒரு மரத்தின் அடி.
மரம் போயிருக்கும், டீக்கடை இருக்கும்,
பாய்லர் சூடாகுமுன் நான் கடந்திருப்பேன்.

சுசீந்திரம் பக்கம் ஓடுகிறவர்களுக்குப் பாடு குறைவு.
வயலுக்கு நடுவே பலகை போட்ட மாதிரி ரோடு.
ஒரு ஞாயிறு பஸ் ஏறிப் போய் பத்து கிலோமீட்டர்.
வாட்சில் நேரம் நன்றாகத்தான் வந்தது,
எனக்குத்தான் ஓடின மாதிரி இல்லை.

அடுத்த ஞாயிறு ஆரல்வாய்மொழி.
மேடு இல்லை, காற்று இருந்தது.
காற்றாலைகள் எல்லாம் மேற்கே முகம் வைத்து நின்றன,
நானும் மேற்கே.
அவற்றுக்குக் கரண்டு கிடைத்தது,
எனக்குக் கண்ணில் மண்.
திரும்புகையில் அதே காற்று முதுகைத் தள்ளிவிட்டது.
நன்றி சொல்ல மனம் வரவில்லை.

ஆகவே என் ஏற்றங்களுக்கே வந்தேன்.
நாலே முக்காலுக்கு நெற்றியில் விளக்கு கட்டி
குருசடி தாண்டி வலப்பக்கம்,
செம்மண்ணை வெட்டி இறக்கிய சாலை,
இருபுறமும் ரப்பர்.
முந்நூறு மீட்டர்தான்.
பாதியில் மூச்சு எனக்கு முன்னால் ஓடிவிடும்,
அதைப் பிடிக்க நான்.

அங்கேதான், டிசம்பரில், மரங்களுக்குள் இன்னொரு விளக்கு.
நின்றது. என் பக்கம் திரும்பியது.
வெளிச்சத்துக்குக் கீழே முகம் தெரியவில்லை,
என் முகமும் தெரிந்திருக்காது.
"எங்க வெட்டு?" என்றது ஒரு ஆண்குரல்.
"எத்தன மூடு?"

பால் வெட்டப் போகிறவள் என்று நினைத்துவிட்டார்.
விளக்கிச் சொல்ல மூச்சில்லை.
இருந்த மூச்சில் ஒரு எண்தான் கொள்ளும்.
"பன்னெண்டு."
"பன்னெண்டா?"
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
"பன்னெண்டு மூட்டுக்கா இந்த ஓட்டம்?"

சிரித்துக்கொண்டே இறங்கியதில்
பன்னிரண்டில் ஒரு மூட்டு,
வலது முழங்கால் மூட்டு,
பிசகியது.

மூன்று வாரம் சானல் கரை.
சானலுக்கு மேடு பள்ளம் கிடையாது.
குன்று வந்தால் சுற்றிக்கொண்டு போகும்,
பள்ளம் வந்தால் தொட்டிப்பாலம் ஏறி
ஆகாயத்தில் போகும்.
மாத்தூரில் நான் நடந்தேன், ஓடவில்லை.
கையெட்டும் தூரத்தில் தண்ணீர்,
கைப்பிடிச் சுவருக்கு அப்பால், கீழே கீழே,
தென்னைகளின் உச்சந்தலை.
தண்ணீர் யாருக்கும் நேரம் காட்டாமல் போனது.
அழகுதான்.
நாலாம் நாளே அலுத்துவிட்டது.

திரும்பி வந்தபோது விளக்கு அங்கேயே இருந்தது,
ஒரு மூட்டில் குனிந்து, நிமிர்ந்து,
அடுத்த மூட்டுக்கு ஏறி, மறுபடி குனிந்து.
நான் ஒருதரம் ஏறி வாட்சைப் பார்க்கும் மேட்டை
அவர் குறுக்கும் நெடுக்குமாய்
வெயில் வருமுன் எத்தனை தரம் ஏறுவாரோ.
சிரட்டையில் பால் சொட்டுவது
என் மூச்சு அடங்கினால் கேட்டிருக்கும்.
"எத்தன?"
"பதினாலு."
"கூடியாச்சே," என்றார்,
எனக்கு யாரோ ரெண்டு மரம் கூடுதலாகக் கொடுத்த சந்தோஷத்தில்.

பிப்ரவரியில் இலை உதிர்ந்தது. வெட்டு நின்றது.
மேட்டில் நட்சத்திரம் தெரிந்தது, விளக்கு இல்லை.
அந்த வாரம் முழுக்க
அந்த முந்நூறு மீட்டருக்கு நாற்பது விநாடி பிந்தினேன்.
முழங்கால்மேல் பழி போட்டேன்.

மார்ச் மூன்றாம் தேதி, பதினொரு மணி.
தபால் ஆபீசின் மூன்று படிகளையும்
கம்பியைப் பிடித்துப் பிடித்து ஏறிய ஒருவர்
கவுண்டருக்குள் பாஸ்புக்கை நீட்டினார்.
புஷ்பதாஸ், ஆர்.டி. கணக்கு, நாலு மாதம் பாக்கி.
விரல் மடிப்பில்
வெட்டு நின்றும் போகாத கறுத்த கறை.

நோட்டை எண்ணாமலே கேட்டேன்:
"எத்தன?"

சொல்ல வாயெடுத்தவர் நிறுத்தினார்.
கம்பி வலைக்கு அருகே குனிந்து
என் நெற்றியைப் பார்த்தார்.