வெள்ளையின் மேல் வெள்ளை

அந்த வருஷம் ஓவியத்துக்கும் இயற்பியலுக்கும்
ஒரே வகுப்பு போட்டார்கள்.
பள்ளியில் பணம் இல்லை.
சுற்றறிக்கையில் இதைவிட நல்ல காரணம் எழுதியிருந்தது.
புதன்கிழமைதோறும்
ஓப்லாக் டீச்சர் தூரிகை அலசும் தொட்டியில்
ஹ்ரிபார் சார் முப்பட்டகத்தை நழுவவிட்டு
மன்னிப்புக் கேட்பார்.

பொஹின் பள்ளத்தாக்கில் பனி இளகிய ஏப்ரல்.
பன்னிரண்டு தேன்பெட்டிகள்,
முகப்புப் பலகை ஆளுக்கொன்று.
"தேனீ தன் வீட்டுக்குத் தப்பாமல் திரும்பவேண்டும்,
கேள்வி அவ்வளவுதான்" என்றார் சார்.
"அழகாகவும் இருக்கவேண்டும்" என்றார் டீச்சர்.

நான் தீயணைப்பு வண்டி வரைந்தேன்.
நாலு டப்பா சிவப்பு.
ஏரிக்கு அக்கரையில் நின்று பார்த்தாலும்
கண்ணில் அறையும்.
பக்கத்துப் பெட்டி லோவ்ரென்சுடையது:
ரயில் சுரங்கம், உள்ளிருந்து பார்த்தபடி.
அதாவது, முழுக்கக் கறுப்பு.
பத்தே நிமிஷத்தில் முடித்துவிட்டுப் பந்தாடப் போனான்.

டின்காரா மூன்று வாரம் குனிந்தே கிடந்தாள்,
நாக்கு நுனியை உதட்டோரம் துருத்தியபடி.
கடைசியில் எழுந்தபோது
வெள்ளை வெளேரென்று ஒரு பலகை.
டீச்சர் அதைச் சாய்த்தார், ஜன்னல் பக்கம் திருப்பினார்,
மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.
"அழகு எங்கே?"
பதில் இல்லை.
பென்சிலால் ஓரத்தில் குறித்தார்:
முடிக்கவில்லை.

மே மாதம் எண்ணிக்கை.
பெட்டிக்கு முப்பது தேனீயைப் பிடித்து
முதுகில் ஒரு பொட்டு வைக்கவேண்டும்,
பெட்டிக்கொரு நிறம்.
மென்மையாகப் பிடி என்றார்கள்.
எவ்வளவு மென்மை என்று யாரும் சொல்லவில்லை.
என் கட்டைவிரல் இரண்டு நாள் உருளைக்கிழங்காய் இருந்தது.

பிறகு புல்லில் குப்புறப் படுத்து
வாசல்களைப் பார்த்தோம்.
என் தேனீக்களில் பதினொன்று
லோவ்ரென்சின் சுரங்கத்துக்குள் போய்விட்டன.
அவனுடையவை ஒன்பது
என் வண்டியில் ஏறிக்கொண்டன.
தடுக்கவும் இல்லை யாரும் அங்கே;
தேன் சுமந்து வருகிறவளை
எந்த வீட்டில்தான் விரட்டுவார்கள்?

"தேனீயின் கண்ணில் சிவப்பு கிடையாது" என்றார் சார்.
"உன் வண்டி, அவன் சுரங்கம்,
இரண்டும் ஒரே இருட்டு."

நாலு டப்பா.

டின்காராவின் முப்பதும் வீடு வந்து சேர்ந்தன.
மறுநாளும் எண்ணினோம்.
பெட்டியை இரவோடு இரவாகக் கொஞ்சம் நகர்த்தி
அடுத்த நாளும் எண்ணினோம்.
முப்பது.

அப்போதுதான் சார் அவளிடம் கேட்டார்,
மாணவன் கேட்கிற குரலில்,
என்ன செய்தாய்?
இரண்டு ஜாடிகளை மேஜைமேல் வைத்தாள்.
அதுவும் வெள்ளை, இதுவும் வெள்ளை.
"இந்த வெள்ளை புற ஊதாவை விழுங்கிவிடும்.
இது திருப்பி அனுப்பும்.
லேபிளில் போட்டிருக்கிறது,
பொடி எழுத்தில்."

நகரத்து அருங்காட்சியகத்தில் கேமரா இரவல் வாங்கி,
கறுத்த கண்ணாடி ஒன்றை அதன்முன் பொருத்தி,
பன்னிரண்டு தலைகளும் ஒரே திரைக்குள் நுழையப் பார்க்க,
என் வண்டி அணைந்து போன அடுப்பாய்க் கடந்தது,
சுரங்கம் சுரங்கமாகவே கடந்தது,
அப்புறம்
ஒரு பெண்ணின் முகம்.
பலகை முழுக்க.
பின்னல் மயிரிழை மயிரிழையாய்,
மூக்கின்மேல் மூன்று தெத்துப்புள்ளிகள்,
திறந்த வாய் சரியாக வாசல் துளையில்,
வாயிலிருந்து நீண்ட நாக்கு
தேனீக்கள் வந்து இறங்கும் பலகையாய்.
ஏப்ரலிலிருந்து
எங்கள் எல்லோருக்கும்
அழகு காட்டிக்கொண்டிருந்திருக்கிறாள்.

டீச்சர்தான் முதலில் சிரித்தார்.
அவர் எழுதிய பென்சில் வார்த்தை
கன்னத்தில் மச்சம்போல் இருந்தது.
அழிக்கட்டுமா என்றார்.
"இருக்கட்டும்" என்றாள் டின்காரா.

பேட்டரி தீர்ந்தது.
மறுபடி வெறும் பலகை,
வெயில், க்ளோவர் வாசனை.
பச்சைப் பொட்டு வைத்த ஒன்று
இரண்டு காலிலும் மகரந்தத்தோடு
நாக்கில் இறங்கி,
ஒரு கணம் மூச்சு வாங்கி,
எங்களுக்குத் தெரியாத அந்த வாய்க்குள்
நடந்து போயிற்று.