நாலு இலக்கம்

மோர்னிங்சைட் வீதி, பதினோராம் மாடி.
வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
பூங்கா ஊஞ்சலில் பனி உட்கார்ந்திருக்கிறது,
பிள்ளையை எங்கே போய் விளையாடச் சொல்வது?
எனக்கும் சித்திரை வரை வேலை இல்லை.
நானூற்றோராம் நெடுஞ்சாலையின் பாலங்கள்
குளிர்காலத்தில் என்னை வீட்டுக்கு அனுப்பிவிடும்.

பள்ளிக்கூடத்திலிருந்து கடிதம் வந்தது.
திரை பார்க்கும் நேரத்துக்கு
வீட்டில் ஒரு வரம்பு வையுங்கள் என்று.
அதை எனக்கு வாசித்துச் சொன்னவளே மிதுராதான்.
ஒரு வரியையும் ஒளிக்கவில்லை,
பிறகு சுகந்தினியிடம் கொடுத்துச் சரிபார்த்தேன்.

பதினொரு வயது.
மின்சாரக் கட்டணம் அவள் கட்டுவாள்,
பல் வைத்தியருக்கு அவள் ரெலிபோன் எடுப்பாள்,
குரலைக் கொஞ்சம் தடிப்பாக்கி,
தாய் கதைக்கிற மாதிரி.

பூட்டுப் போட வேணும் என்றேன்.
"எப்பிடியெண்டு தெரியுமா அப்பா?"
தெரியாது.
ரப்லெட்டைத் தானே திறந்து
செற்றிங்ஸுக்குள் மூன்று பக்கம் தள்ளி
பள்ளி நாளில் ஒரு மணித்தியாலம்,
சனி ஞாயிறு இரண்டு,
ஒன்பதுக்குப் பிறகு ஒன்றுமில்லை,
"இது அநியாயம், இது சரியான அநியாயம்"
என்று சொல்லிச் சொல்லியே
ஒவ்வொன்றாய் அழுத்தினாள்.

கடைசியில் அது நாலு இலக்கம் கேட்டது.
நான் யோசித்துக்கொண்டு நின்றேன்.
"உங்களுக்கு மறந்துபோகும்" என்று
தானே ஒன்றைப் போட்டு
ஒரு துண்டில் எழுதி
என் பேர்சுக்குள் செருகிவிட்டாள்.

நள்ளிரவில் முதியோர் இல்லத்து வேலை முடித்து வந்து
சப்பாத்தின் உப்பைத் தட்டிக்கொண்டே
சுகந்தினி சிரித்தாள்:
"பாலுக்குப் பூனை காவல்."
"இல்லை," என்றேன்,
"பூனை தனக்குத் தானே மணி கட்டியிருக்கு."
சொல்லிவிட்டேனே தவிர, நம்பவில்லை.

ஒரு புதன்கிழமை நித்திரை மாதிரிக் கிடந்தேன்.
ரப்லெட் குசினியில் சார்ஜில் இருந்தது.
பன்னிரண்டு தாண்டி வந்தாள்,
தண்ணீர் குடித்தாள்,
மினுங்கிய திரையைக் கவிழ்த்து வைத்தாள்,
போய்ப் படுத்தாள்.
பிடிபடவில்லையே என்று
எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்கூட.
அப்போது என் போர்வைக்குள்
யாரோ ஒருவன் ஒரு பழைய எஞ்சினைக் கழற்றுகிற வீடியோ
சத்தமில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது.
என் வரம்பை யாரும் கேட்கவில்லை.
நானும் சொல்லவில்லை.

இன்றைக்கு ஒன்பது மணிக்குத் திரை அணைந்தது.
நான் மீன் கழுவிக்கொண்டு நின்றேன்.
இரண்டு கையிலும் ஏந்தி,
தளும்பும் தேநீர்த் தட்டைப் போல
அதைக் கொண்டுவந்தாள்.
"அப்பா, பதினைஞ்சு நிமிஷம்.
நானும் அமீனாவும் கட்டுற பாலம்
பாதியிலை நிக்குது."

அந்த இலக்கம் அவள் போட்டது.
அவள் தலைக்குள் இருப்பது.
அறைக்குள் போய் நாலு தரம் தட்டினால் முடிந்தது.
பிறகேன் வந்து நிற்கிறாய் என்று
கேட்க வாயெடுத்தேன்.
கேட்டிருந்தால் கெட்டிருக்கும்.

"பாலத்தைக் காட்டு பாப்பம்."
அணைவதற்கு முன் எடுத்த படம் ஒன்று
என் போனுக்கு வந்தது.
ஆற்றின் நடுவில், அந்தரத்தில், நீலக் கட்டிகள்.
"தூண் எங்கை?"
"தூண் தேவையில்லை அப்பா, இது கேம்."
"அதுக்குள்ளை ஆக்கள் நடக்கிறதெல்லோ?"
கொஞ்ச நேரம் பேசாமல் நின்றாள்.
"அமீனாவும் அதைத்தான் சொன்னவள்."

"பத்து நிமிஷம்."
"பன்ரெண்டு."
"பத்து. தூணை வைச்சிட்டுப் படு."

மீன் மணக்கும் கையைத் துடைத்து
பேர்சுக்குள்ளிருந்து துண்டை எடுத்து
ஒற்றை விரலால்
ஒவ்வோர் இலக்கமாய் நான் தேடி அழுத்த,

அவள்
முகத்தை யன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள்,
பார்க்கக் கூடாதென்று.